சோலார் ஏறுதா, இறங்குதா? தண்டையார்பேட்டை மாடிக்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, இந்தியா சோலாரில் 100 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது என்று பேப்பரில் போடுகிறார்கள். சோலார் கரண்டை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் ராஜஸ்தானில் நிறுத்தி வைக்கிறார்கள் என்றும் போடுகிறார்கள். எங்கள் தெருவில் மொத்தமே ரெண்டு வீட்டு மாடியில்தான் பேனல் இருக்கிறது. இந்தத் தொழில் ஏறுகிறதா, இறங்குகிறதா? நான் இப்போதே போடலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?"

நான் திருவொற்றியூரில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்து முப்பது வருஷம் ஆகிறது. சோலார் மாட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷம். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த ரெண்டு செய்தியும் உண்மைதான். பேனல் செய்வது, வாங்குவது, மாட்டுவது எல்லாம் இன்றைக்குச் சுலபமாகிவிட்டது. வந்த கரண்டை எந்த நேரத்தில், எந்தக் கம்பி வழியாக, யார் எடுத்துக்கொள்வது என்பதில்தான் ராஜஸ்தான் பாலைவனமும் முட்டிக்கொண்டு நிற்கிறது, நம்ம பக்கத்து மொட்டை மாடியும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் அந்த 100 ஜிகாவாட். 2025 ஜனவரி கடைசியில் அந்தக் கணக்கு வந்தது. ஒரு ஜிகாவாட் என்றால் ஆயிரம் மெகாவாட். நம்ம ஊர் அளவில் சொன்னால், 2024 மார்ச்சில் அத்திப்பட்டில் திறந்தார்களே, வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலை, அது 800 மெகாவாட். போர்டில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்தால் 100 ஜிகாவாட் என்பது அந்த மாதிரி 125 நிலையம். ஆனால் அங்கேதான் ஏமாறக்கூடாது. அத்திப்பட்டு நிலையம் இரவு பகலாக முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 1 கோடியே 92 லட்சம் யூனிட் தரும். அதே 800 மெகாவாட்டுக்கு நல்ல வெயில் பூமியில் பேனல் பரப்பினால் 40 லட்சம் யூனிட்டை ஒட்டித்தான் வரும். அதுவும் பெரும்பாலும் காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலரைக்குள். 2025 ஜூனில், நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அது போர்டில் எழுதிய எண்ணில் பாதி. வீட்டுக்கு வந்து சேரும் யூனிட்டில் இன்னமும் பெரும்பங்கு கரிதான்.

வளர்ச்சி பொய்யா என்றால், இல்லவே இல்லை. 2010-ல் தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கியபோது 2022-க்குள் 20 ஜிகாவாட் என்றார்கள். அதை 2018 தொடக்கத்திலேயே தொட்டுவிட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்று, விலை. 2010-ல் நடந்த முதல் ஏலத்தில் குறைந்தபட்ச விலையே யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. நம்ம தமிழ்நாடு 2015-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது 7 ரூபாய் 1 காசுக்கு. அப்போது அது உலகத்திலேயே பெரிய சோலார் பூங்காக்களில் ஒன்று, ஊரே மெச்சியது. அது 2016 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. எட்டே மாதம் கழித்து, 2017 மே மாதம், ராஜஸ்தான் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது. கமுதி விலையில் கையெழுத்துப் போட்டவர்கள் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார்கள். 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. அந்த விலையை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதில்தான் சறுக்கலின் கதை இருக்கிறது. 2018 ஜூலையில் இறக்குமதிப் பேனலுக்கு 25 சதவீதம் பாதுகாப்பு வரி போட்டார்கள். 2021-ல் சீனாவில் பேனலுக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கான் விலை எகிறியது, பேனல் விலையும் கூடவே ஏறியது. 2022 ஏப்ரல் முதல் பேனலுக்கு 40 சதவீதம், பேனலுக்குள் இருக்கிற, வெளிச்சத்தைக் கரண்டாக்கும் செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி. அதோடு அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிற கம்பெனி பேனலைத்தான் அரசுத் திட்டங்களில் போட வேண்டும் என்று விதி. அந்தப் பட்டியலையும் ஒரு வருஷம் நிறுத்தி வைத்து, 2024 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தார்கள். நாங்கள் கொட்டேஷன் கொடுத்துவிட்டுக் கஸ்டமரிடம் போய் "சார், போன வாரம் சொன்ன விலை இந்த வாரம் இல்லை" என்று தலையைச் சொறிந்து நின்ற காலம் அது. ஜிஎஸ்டியும் இதே மாதிரிதான்: 5 சதவீதமாக இருந்ததை 2021 அக்டோபரில் 12 ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் திரும்ப 5-க்கே கொண்டுவந்தார்கள். நாலு வருஷம் வாங்கியவன் கூடக் கொடுத்ததுதான் மிச்சம்.

20-ஐச் சீக்கிரமே தொட்டார்களே, அந்த இலக்கை 2015-லேயே ஐந்து மடங்காக்கியிருந்தார்கள். 2022-க்குள் 100 ஜிகாவாட், அதில் 60 பெரிய பூங்காக்கள், 40 வீட்டு மாடி, கம்பெனி மாடி. 2022 முடிந்தபோது மொத்தம் 63-ஐ ஒட்டி வந்திருந்தது. பள்ளம் எங்கே விழுந்தது என்று பார்த்தால், பெரிய பூங்காக்களில் பெரும்பகுதி முடிந்திருந்தது. மாடிக் கணக்கில் நாற்பதுக்குக் கால்வாசி கூட எட்டவில்லை. உங்கள் தெருவில் ரெண்டு வீட்டில்தான் இருக்கிறது என்றீர்களே, அந்தப் பள்ளம்தான் இது.

இப்போது ராஜஸ்தான் விஷயம். அங்கே வெயில் கொட்டுகிறது, நிலம் கிடக்கிறது. பூங்கா போட ஒன்றரை வருஷம் போதும். அந்தக் கரண்டை வெளியே கொண்டுபோகும் உயரழுத்த லைன் போட மூணு வருஷம், நாலு வருஷம், சில சமயம் அதற்கும் மேலே. நிலம் கிடைக்க வேண்டும், டவர் நிற்க வேண்டும். கானமயில் என்று ஒரு பறவை, அழியும் நிலையில் இருக்கிறது, லைனில் மோதிச் சாகிறது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி லைன்களைப் பூமிக்கு அடியில் போடச் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியது. பறவையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த மூணு வருஷத்தில் பல லைன் நின்றது என்பதும் உண்மை. விளைவு, 2025-ல் நட்ட நடுப்பகலில் "உற்பத்தியைக் குறை" என்று பூங்காக்களுக்கு உத்தரவு போகிறது. பேனல் சும்மா வெயில் காய்கிறது.

இன்னொரு சிக்கல், ஏலம் முடிந்தும் வாங்க மாநிலங்கள் கையெழுத்துப் போடாத திட்டங்கள். 2025-ல் அது 40 ஜிகாவாட்டுக்கு மேலே. மின்வாரியங்கள் ஏன் இழுக்கின்றன? கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. பகல் கரண்ட் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ராத்திரி ஏழு மணிக் கரண்ட். நம்ம வீடுகளையே பாருங்கள், ஏசி எப்போது போடுகிறோம்? சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது. அப்போது சூரியன் எங்கே இருக்கிறது? அதனால்தான் 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம், இனிமேல் சோலார் டெண்டரோடு பத்து சதவீத அளவுக்காவது ரெண்டு மணி நேரச் சேமிப்பும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொன்னது. நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் 500 மெகாவாட்டுக்குக் கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான்: பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, ராத்திரி இறக்கிக் கரண்ட் எடுப்பது. கடம்பாறையில் அந்த வேலை ரொம்ப வருஷமாகவே நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய கறை உண்டு. காற்றாலை, சோலார் ரெண்டிலும் முன்னால் போன மாநிலம் இது. சோலார் மட்டுமே 10 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் சில வருஷங்களுக்கு முன்னால் சோலார் பூங்காக்களைப் பகலில் நிறுத்தச் சொல்லி, கரிமின்சாரத்தை ஓட்டினார்கள் என்று வழக்குப் போய், 2021-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆந்திராவில் 2019-ல் புது அரசு வந்ததும் பழைய ஒப்பந்த விலைகளைத் திருத்த வேண்டும் என்று கிளம்பியது. இதையெல்லாம் பார்த்த பேங்க்காரன் கடன் கொடுக்க யோசிக்கத்தானே செய்வான்?

பேனல் செய்யும் பக்கம் வேறு கதை. 2014-ல் நாடு முழுக்க வருஷத்துக்கு ரெண்டு ஜிகாவாட் சொச்சம் பேனல் செய்யும் திறன்தான் இருந்தது. 2025 ஆகஸ்டில் அங்கீகாரப் பட்டியலில் மட்டும் 100 ஜிகாவாட். நம்ம மாநிலத்திலேயே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார், ஒரகடத்தில் விக்ரம், திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேனல் என்பது பெரும்பாலும் செல்லை வரிசையாக அடுக்கிக் கண்ணாடி போட்டு ஒட்டுகிற வேலை. செல் செய்யும் திறன் அதில் கால்வாசிதான். செல்லுக்கு முந்தைய வேஃபர் என்கிற மெல்லிய சிலிக்கான் தகடு, பாலிசிலிக்கான் ரெண்டுக்கும் இன்னமும் சீனாவைத்தான் பார்க்கிறோம். 2026 ஜூனிலிருந்து செல்லுக்கும் அங்கீகாரப் பட்டியல் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏற்றுமதியை நம்பியவர்களுக்கு வந்த அடி தனி: போன பேனலெல்லாம் ஏறத்தாழ அமெரிக்காவுக்குத்தான் போனது, 2025 ஆகஸ்டில் அங்கே 50 சதவீத வரி. சின்னச் சின்ன அசெம்பிளி கம்பெனிகள் சிலது மூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் இருபத்தைந்து வருஷ வாரண்டி என்று நீட்டுகிற பேப்பரை விட, அந்தக் கம்பெனி பத்து வருஷம் கழித்து இருக்குமா என்று பாருங்கள்.

சரி, உங்கள் மாடிக்கு வருவோம்.

பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடு. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம். மூன்றுக்கு மேலே எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். 2025 மார்ச்சில் பத்து லட்சம் வீடு முடிந்தது. குஜராத் முதலிடம். தமிழ்நாடு ஏன் பின்னால் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். நான் கஸ்டமரிடம் முதலில் கேட்பது ஈபி பில். அதில் பதில் இருக்கிறது.

நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கே பில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அவர் ஒன்றேகால் லட்சம் போட்டுப் பேனல் மாட்டினால், போட்ட காசு திரும்ப இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். நான் அவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 900 யூனிட் ஓடுகிற வீடு வேறு. 500-ஐத் தாண்டினாலே கீழ்ப்படி யூனிட்டுக்கான குறைந்த ரேட் சலுகை போய்விடும், மேலே போகப் போக யூனிட் எட்டு, ஒன்பது, பத்து ரூபாய். ரெண்டு மாச பில் ஏறக்குறைய ஆறாயிரம். இங்கே 3 கிலோவாட் போட்டால் சென்னை வெயிலுக்குச் சராசரி ஒரு நாளைக்குப் 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720. பகலில் மிஞ்சி ஈபி லைனுக்குப் போவதை ராத்திரி நீங்கள் எடுப்பதில் கழித்துவிடுவார்கள், அதனால் மீதி 180 யூனிட்டுக்குத்தான் பில், அதுவும் கீழ்ப்படி ரேட்டில். சில்லறைக் கட்டணங்கள் போக வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். மானியம் போக ஒன்றேகால் லட்சம் செலவு என்றால் நாலு வருஷத்தில் கைக்கு வந்துவிடும். பொறுக்கலாமா என்று கேட்டீர்களே, பேனல் என்பது மொத்தச் செலவில் பாதி கூடக் கிடையாது. அது இன்னும் பத்து சதவீதம் இறங்கினாலும் உங்களுக்கு மிச்சம் சில ஆயிரம். காத்திருக்கிற அந்த ஒரு வருஷத்தில் முப்பதாயிரம் போகும்.

ஆனால் வடசென்னையில் பில் சரியாக இருந்தாலும் மாடி சரியாக இருக்காது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் பன்னிரண்டு அடி அகல வீடு, ரெண்டு பக்கமும் பொதுச் சுவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் மாடியில் நடுவே ஒரு கோடு. பக்கத்து வீட்டுக்காரர் மேலே ஒரு மாடி எழுப்பினால் நம்ம பேனலுக்கு மதியம் ரெண்டு மணிக்கே சாயங்காலம். ஈபி கனெக்ஷன் தாத்தா பேரில் இருக்கும், தாத்தா இறந்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கும், வாரிசுச் சான்றிதழ் வாங்க ஒரு அத்தை கையெழுத்துப் போட மாட்டார். நான் பார்த்தவரை பாதி வேலை நிற்பது இங்கேதான். பேர் மாற்றாமல் மானியத்துக்கு அப்ளை பண்ண முடியாது. அதனால் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் மத்திய விதியே வந்துவிட்டது, அந்தப் பக்கம் பயம் வேண்டாம்.

அடுத்தது சாம்பல். பேசின் பிரிட்ஜ், எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் என்று சென்னைக்குக் கரண்ட் காய்ச்சிக் கொடுத்த ஊர்கள் எல்லாம் நம்ம பக்கம்தான். எண்ணூர் பழைய நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள், அத்திப்பட்டும் வல்லூரும் ஓடுகின்றன. போன வருஷம் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடிக்குப் போனேன். யூனிட் குறைகிறது, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் போய்விட்டது என்று புகார். பேனல் மேல் விரலை வைத்து இழுத்தேன், பலகையில் சாக்பீஸ் துடைத்த மாதிரி கோடு விழுந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டரில் 2 கிலோவாட் காட்டியது. ரெண்டு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய துணி. கழுவி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் 2.3. (கழுவின உடனே பார்க்காதீர்கள். பேனல் குளிர்ந்ததால் கொஞ்ச நேரம் இன்னும் கூடக் காட்டும். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. அதனால்தான் மே மாசத்தை விட மார்ச்சில் நன்றாக வரும்.) நீங்கள் இருக்கிற இடத்தில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் லாரிப் புழுதி உண்டு. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் காலை ஆறு மணிக்குக் கழுவுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடல் காற்று அதற்கு மேலே. காசிமேட்டில் ஒரு வீட்டுக்கு, விலை குறைவாகச் சொன்ன ஒரு நிறுவனம் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. மூணாம் வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். போல்ட் தலை ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காமல் பொடிப் பொடியாகக் கையில் வந்தது. பேனலில் ஒரு குறையும் இல்லை. நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க சாதா இரும்பு நட்டு போல்ட் போட்டிருக்கிறார்கள், 2016 வர்தா மாதிரி ஒரு காற்று அடித்திருந்தால் பேனல் பக்கத்துத் தெருவில் போய் விழுந்திருக்கும். கடலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணிய (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த) ஸ்ட்ரக்சர் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். மானியத்தில் எல்லாரும் போடுகிற ஆன்கிரிட் சோலார், அதாவது ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார், கரண்ட் கட்டானால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிற லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. என் கஸ்டமர் ஒருவர் மறுநாள் வெயில் அடித்ததும் போன் பண்ணி, "மேலே மூணு கிலோவாட் வெயில் காயுது, கீழே செல்போன் சார்ஜ் போட முடியலையே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, விற்கும்போது சொல்லாதது என் தப்பு. பேட்டரியோடு ஹைப்ரிட் போட்டால் ஓடும், செலவு ஏறும். ஃபேன், லைட்டுக்கு வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

ஆக, போன ஆறு பில்லை எடுத்துப் பாருங்கள். ரெண்டு மாசத்துக்கு 500-க்குக் கீழே ஓடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். 600-க்கு மேலே என்றால் கார்டில் யார் பேர், சேங்க்ஷன் லோடு (ஈபி உங்களுக்கு அனுமதித்த அளவு) எவ்வளவு என்று பாருங்கள். ரெண்டும் சரி என்றால் வர ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு ஒரு தரம், மதியம் மூணுக்கு ஒரு தரம் மாடிக்கு ஏறி, தண்ணி டேங்க் நிழலும் பக்கத்து வீட்டுச் சுவர் நிழலும் எதுவரைக்கும் வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். டிசம்பரில் நிழல் இன்னும் நீளும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து எத்தனை பேனல் உட்காரும் என்று சொல்கிறேன்.